பணம் வந்துவிட்டது, வருவாய் வந்ததா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை வழியே காரில் செல்பவர்கள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடந்தாக வேண்டும். தனியார் கார், ஜீப், வேன்களுக்கான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது அதன் விலை ரூ.3,000. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளை 200 முறை கடக்கும் வரையிலோ, ஓராண்டு முடியும் வரையிலோ, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை அது செல்லும்.

ஒருவர் மார்ச் 1-ஆம் தேதி அந்தப் பாஸை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ரூ.3,000 அன்றே கைமாறிவிடுகிறது. மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகிறது. அதற்குள் அவர் 20 முறை சாவடிகளைக் கடந்திருக்கிறார். அப்படியானால், பாஸ் விற்றவரின் அந்த ஆண்டு வருவாய் எவ்வளவு? கையில் வந்த ரூ.3,000-ஆ, ஒரு பயணத்துக்கு ரூ.15 வீதம் ரூ.300-ஆ?

பெட்டிக்கடைக் கணக்கில் ரூ.3,000 என்போம். கணக்கியல் அப்படிச் சொல்வதில்லை. இன்னும் 180 பயணங்களுக்கு வழிவிட வேண்டிய பொறுப்பு விற்றவர் தலையில் இருக்கிறது. அதற்குரிய ரூ.2,700 அவர் பெற்ற பணம்தான். ஆனால், அவர் ஈட்டிய வருவாய் அன்று. வாங்கியவர் 200 பயணங்களையும் பயன்படுத்த மாட்டார் என்று பழைய அனுபவம் காட்டினால் கணக்கு சற்று மாறும், அடிப்படை மாறாது. பணம் வந்த நாள் வேறு, வருவாய் பிறக்கும் நாள் வேறு. கொடுத்த வாக்கு நிறைவேறும்போதுதான் வருவாய் பிறக்கிறது.

இந்தக் கருத்தையே மையமாகக் கொண்டது இந்தியக் கணக்கியல் தரநிலை 115. பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை வாரியம் 2014 மே மாதம் வெளியிட்ட ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற தரநிலையைத் தழுவி உருவாக்கப்பட்ட இது, 2018 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களும், ரூ.250 கோடியும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுவனங்களும் இதைப் பின்பற்ற வேண்டும். மற்ற நிறுவனங்களுக்கு 1985-இல் வந்த கணக்கியல் தரநிலை 9 இன்னும் வழிகாட்டுகிறது.

புதிய தரநிலை ஐந்து படிகளைச் சொல்கிறது. ஒப்பந்தத்தை இனங்காணுதல், அதிலுள்ள கடப்பாடுகளை இனங்காணுதல், விலையை நிர்ணயித்தல், அந்த விலையைக் கடப்பாடுகளுக்குப் பங்கிடுதல், ஒவ்வொரு கடப்பாடும் நிறைவேறும்போது அதற்குரிய பங்கை வருவாயாகப் பதிதல் ஆகியவையே அவை. இவற்றுள் இரண்டாம் படியே கடினமானது. வாடிக்கையாளருக்குத் தனித்தனியாக எவற்றையெல்லாம் தருவதாக ஒப்புக்கொண்டோம் என்பதை அங்கேதான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு தனித்த வாக்குறுதியும் ஒரு 'நிறைவேற்றுக் கடப்பாடு'. அந்தப் படியில் தவறு நேர்ந்தால், அடுத்து வரும் மூன்றும் பிழையான அடித்தளத்தின்மீது எழுப்பிய சுவர்களாகிவிடும்.

எது தனித்த வாக்குறுதி என்பதை அறிய இரண்டு சோதனைகள் உள்ளன. அந்தப் பொருளை அல்லது சேவையைத் தனியாகவோ, எளிதில் கிடைக்கும் வேறு பொருள்களுடன் சேர்த்தோ வாடிக்கையாளர் பயன்படுத்திப் பலன்பெற முடியுமா என்பது முதல் சோதனை. ஒப்பந்தத்தின் மற்ற வாக்குறுதிகளிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க முடியுமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால்தான் அது தனிக் கடப்பாடு.

வீடு கட்டித் தருவதாக ஒருவர் ஒப்பந்தம் செய்கிறார். செங்கல், சிமெண்ட், கம்பி, கொத்தனார் வேலை ஆகிய ஒவ்வொன்றும் சந்தையில் தனியே கிடைக்கும். முதல் சோதனையில் அவை தேறிவிடுகின்றன. ஆனால், வாடிக்கையாளர் கேட்டது செங்கல்லை அன்று, வீட்டை. எல்லாவற்றையும் ஒன்றாக்கித் தருவதே ஒப்பந்தக்காரரின் வாக்குறுதி. எனவே அங்கு இருப்பது ஒரே கடப்பாடு. பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமல் விடுவதைப் போலவே, பிரிக்கக் கூடாததைப் பிரிப்பதும் பிழைதான்.

இதற்கு நம் பகுதியிலேயே சிறந்த சான்று ஒன்று உண்டு. தாம்பரம் முதல் திண்டிவனம் வரையிலான 93 கி.மீ. நெடுஞ்சாலையை நான்குவழிச் சாலையாக்கும் திட்டம் 2002-இல் தொடங்கிப் பதினேழரை ஆண்டுக் காலத்துக்கு 'ஆண்டுத்தொகை' முறையில் தரப்பட்டது. சாலையை அமைத்துப் பராமரிக்கும் நிறுவனத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் குறித்த காலங்களில் குறித்த தொகையை வழங்கிவிடும். வாகனங்கள் கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தொகை மாறாது. திண்டிவனத்துக்குத் தெற்கே உளுந்தூர்பேட்டை வரையிலான சுமார் 73 கி.மீ. சாலையோ, 2006-இல் 20 ஆண்டுக் காலத்துக்குச் 'சுங்கக் கட்டண' முறையில் தரப்பட்டது. அமைத்த நிறுவனமே வாகனங்களிடம் கட்டணம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இரு திட்டங்களையும் பெற்றவை ஒரே ஜி.எம்.ஆர். குழுமத்தின் நிறுவனங்கள்.

இன்றைய தரநிலையின் பார்வையில் இவ்விரு சாலைகளையும் ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இரண்டிலும் பாலங்கள், சிறுபாலங்கள், அணுகுசாலைகள், தடுப்புச் சுவர்கள் யாவும் சேர்ந்து 'சாலை அமைத்தல்' என்ற ஒரே கடப்பாடு. அமைத்தபின் இயக்கிப் பராமரிப்பது வேறொரு பணி. இதுவரை வேறுபாடு இல்லை. வேறுபாடு, அமைத்ததற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதில் இருக்கிறது.

வடக்கே, நிறுவனத்துக்குக் கிடைப்பது ஆணையத்திடமிருந்து வர வேண்டிய நிச்சயமான தொகை. அது நிதிச் சொத்து. தெற்கே கிடைப்பது கட்டணம் வசூலிக்கும் உரிமை. அது கண்ணுக்குப் புலனாகாத சொத்து. ஆகவே தெற்கே, சாலை அமைக்கும் காலத்திலேயே அமைத்த பணிக்குரிய வருவாய் பதியப்படும். பின்னர் ஒவ்வொரு வாகனமும் கடக்கும்போது கட்டண வருவாயும் பதியப்படும். இரட்டிப்பாகத் தோன்றினாலும், பெற்ற உரிமையின் மதிப்பு ஆண்டுதோறும் செலவாகக் கழிக்கப்படுவதால் லாபக் கணக்கு நேராகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாலையின் மேற்பரப்பில் மீண்டும் தார்க்கலவை இடும் பணியை எடுத்துக்கொள்வோம். பன்னாட்டுத் தரநிலை தரும் விளக்க எடுத்துக்காட்டுகளின்படி, ஆண்டுத்தொகை போன்ற ஏற்பாட்டில் அது ஆணையத்துக்குச் செய்யும் ஒரு சேவை. அதற்கு வருவாய் உண்டு. சுங்கக் கட்டண ஏற்பாட்டில் அது தாம் பெற்ற உரிமைக்காக நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு. அதற்கு வருவாய் இல்லை, முன்கூட்டியே ஒதுக்கீடு செய்ய வேண்டிய செலவு மட்டுமே உண்டு. ஒரே தார், ஒரே உருளை இயந்திரம், ஒரே தொழிலாளர்கள். திண்டிவனத்துக்கு வடக்கே அது வருவாய். தெற்கே அது செலவு. செய்யும் வேலை என்ன என்பதை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. யாருக்கு, எதற்கு ஈடாக, எந்த வாக்கின்பேரில் அது செய்யப்படுகிறது என்பதை ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

சாலை ஒப்பந்தம் ஒன்று, இரண்டு என்று எண்ணத்தக்கது. அனுபவமுள்ள கணக்காளர் ஒருவர் அமர்ந்து படித்துவிடலாம். இயந்திரங்கள், கைப்பேசிச் சேவை, மென்பொருள் சந்தா, நீட்டித்த உத்தரவாதம் ஆகியவற்றை விற்கும் நிறுவனங்களுக்கோ ஆண்டுக்குப் பல்லாயிரம் ஒப்பந்தங்கள். ஒவ்வொன்றையும் மனிதர் படிப்பது இயலாது. அதனால்தான் எஸ்ஏபி, ஆரக்கிள் போன்ற நிறுவனங்களின் வருவாய்க் கணக்கு மென்பொருள்களில் கடப்பாடுகளை இனங்காண்பதற்கென்றே விதிகளை எழுதிவைக்கும் வசதி தரப்பட்டுள்ளது.

விதி என்பது 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்ற கட்டளை. விற்பனை ஆணையின் ஒரு வரியில் இயந்திரம் என்ற பொருள் வகை இருந்தால், அதைத் தனிக் கடப்பாடாக எடுத்து, ஒப்படைத்த நாளில் வருவாய் பதி. பராமரிப்பு என்ற வகை இருந்தால், தனிக் கடப்பாடாக எடுத்து, தொடக்க நாள் முதல் முடிவு நாள் வரை மாதந்தோறும் பதி. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து குறித்த நாள்களுக்குள் இரண்டு ஆணைகள் வந்தால், அவற்றை ஒரே ஒப்பந்தமாகச் சேர். இப்படி விதிகள் வரிசையாக எழுதப்படும். மென்பொருள் அவற்றை இரவு பகலாகச் சலிப்பின்றிச் செயல்படுத்தும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டே பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தில் பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று, தொகுப்புப் பால் குளிர்விப்பான் வாங்குவதாகக் கொள்வோம். இயந்திரத்தைத் தனியே விற்றால் ரூ.10,00,000, நிறுவித் தருவதற்கு ரூ.50,000, மூன்றாண்டுப் பராமரிப்புக்கு ரூ.1,50,000. கூட்டினால் ரூ.12,00,000. மூன்றையும் சேர்த்து வாங்குவதால், வரி நீங்கலாக ரூ.10,80,000-க்குத் தருகிறார் விற்பனையாளர். பத்து விழுக்காடு தள்ளுபடி.

மூன்றும் தனிக் கடப்பாடுகள் என்றால் தள்ளுபடியும் மூன்றுக்கும் விகிதப்படி பங்கிடப்பட வேண்டும். இயந்திரத்துக்கு ரூ.9,00,000, நிறுவுதலுக்கு ரூ.45,000, பராமரிப்புக்கு ரூ.1,35,000. ஜனவரி 1 அன்று இயந்திரம் நிறுவப்பட்டு, பராமரிப்புக் காலமும் தொடங்குகிறது. மார்ச் 31 வரை நிறைவேறியவை முதல் இரண்டும், பராமரிப்பின் 36 மாதங்களில் 3 மாதங்களும். ஆக, அந்த ஆண்டின் வருவாய் ரூ.9,56,250. எஞ்சிய ரூ.1,23,750 'ஒப்பந்தப் பொறுப்பு' என்ற தலைப்பில், அதாவது செய்ய வேண்டிய சேவையாக, பொறுப்புகளின் பட்டியலில் நிற்க வேண்டும்.

'குளிர்விப்பான் விற்பனை முழுவதும் ஒரே கடப்பாடு. ஒப்படைத்த அன்றே பதி' என்று மென்பொருளில் யாரோ ஒரு வரியில் எழுதிவிட்டால், ரூ.10,80,000 முழுவதும் அந்த ஆண்டின் வருவாயாகிவிடும். ஒரு சங்கம் என்றால் பிழை ரூ.1,23,750. அதே நாளில் அதே நிபந்தனையில் 400 சங்கங்களுக்கு விற்றிருந்தால் பிழை ரூ.4 கோடியே 95 லட்சம். மனிதர் தவறு செய்தால் ஒரு பதிவில் தவறும். விதி தவறினால் எல்லாப் பதிவுகளிலும் ஒரே மாதிரித் தவறும். எல்லாம் ஒரே சீராக இருப்பதால் அது கண்ணிலும் எளிதில் படாது.

விதிகள் எங்கே தவறுகின்றன? முதலாவதாக, பொருள் குறியீட்டை மட்டும் நம்புவது. மேற்சொன்ன நிறுவுதல் பணியை எந்த மின்பணியாளரும் செய்துவிடலாம் என்றால் அது தனிக் கடப்பாடு. அந்தச் சங்கத்தின் கட்டடத்துக்கேற்ப இயந்திரத்தையே பெரிதும் மாற்றியமைத்து, வேறு கருவிகளோடு இணைத்தால்தான் அது இயங்கும் என்றால், இயந்திரமும் நிறுவுதலும் சேர்ந்து ஒரே கடப்பாடு. இரண்டு ஆணைகளிலும் குறியீடு ஒன்றே. தார்ச்சாலைக் கதைதான் இங்கும்.

இரண்டாவதாக, வரிச் சட்டத்தைக் கணக்கு விதியாக எடுத்துக்கொள்வது. சரக்கு, சேவை வரிச் சட்டத்தில் 'கூட்டு வழங்கல்' என்ற கருத்து உண்டு. இயல்பாகச் சேர்ந்தே வழங்கப்படும் பொருளும் சேவையும், அவற்றுள் முதன்மையானதன் விகிதத்தில் வரி செலுத்தும். அதனால் விலைப்பட்டியலில் ஒரே வரியாக வருபவை கணக்கில் இரண்டு கடப்பாடுகளாக இருக்கக்கூடும். எவ்வளவு வரி என்பது ஒரு கேள்வி. எப்போது வருவாய் என்பது வேறு கேள்வி. விலைப்பட்டியலின் வரிகளை எண்ணிக் கடப்பாடுகளை முடிவு செய்யும் விதி, ஒன்றுக்கான விடையை மற்றொன்றுக்கு எழுதுகிறது.

மூன்றாவதாக, எழுதப்படாத வாக்குறுதிகள். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும், முதலாண்டில் மூன்று முறை இலவசமாகப் பழுதுநீக்கித் தருவது விற்பனையாளரின் நீண்ட கால வழக்கம் என்றால், வாடிக்கையாளர் அதை எதிர்பார்த்தே வாங்குகிறார். தரநிலை அதையும் வாக்குறுதியாகக் கொள்ளச் சொல்கிறது. விற்பனை ஆணையில் அதற்கு வரியே இராது. இல்லாத வரியை மென்பொருள் தேடாது. விதியை எழுதுபவர்தான் அதைச் சேர்க்க வேண்டும். மறுபுறம், விற்ற பொருள் குறையின்றி இருக்கும் என்று உறுதிகூறும் சாதாரண உத்தரவாதம் தனிக் கடப்பாடு அன்று. அதற்கு மேல் சேவை தரும், தனியே விலைகொடுத்து வாங்கக்கூடிய உத்தரவாதமே தனிக் கடப்பாடு. 'உத்தரவாதம்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால், சொல்லைப் பார்த்து விதி எழுதுவது ஆபத்து.

நான்காவதாக, இயந்திரம் எண் கேட்கும் இடங்கள். ஒரே வாடிக்கையாளருடன் ஒரே நேரத்திலோ ஏறத்தாழ ஒரே நேரத்திலோ, ஒரே நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறது தரநிலை. எத்தனை நாள் என்று அது சொல்லவில்லை. மென்பொருளுக்கோ 15, 30, 60 என ஏதேனும் ஓர் எண்ணைத் தந்தாக வேண்டும். அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது கணினிப் பணி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு கணக்கியல் தீர்ப்பு.

பொறுப்பான கைகளில் இல்லாதபோது இத்தகைய பங்கீடு என்ன செய்யும் என்பதற்கு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் நகலெடுக்கும் இயந்திரம், பராமரிப்பு, கடன்வசதி ஆகியவற்றை ஒரே மாதத் தொகைக்கு வாடிக்கையாளர்களுக்கு வழங்கிவந்தது. அந்தத் தொகையில் இயந்திரத்தின் பங்கைக் கூட்டிக் காட்டினால், பல ஆண்டுகளில் வர வேண்டிய வருவாய் முதலாண்டிலேயே வந்துவிடும். 1997 முதல் 2000 வரையில் இத்தகைய வழிகளில் 300 கோடி டாலருக்கும் அதிகமான வருவாய் முன்கூட்டிப் பதியப்பட்டதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2002 ஏப்ரலில், குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 1 கோடி டாலர் அபராதம் செலுத்த அந்த நிறுவனம் இணங்கியது. அங்கே இயந்திரங்களும் வாடிக்கையாளர்களும் பொய்யில்லை. ஒரே தொகையை எந்த வாக்குறுதிக்கு எவ்வளவு என்று பங்கிட்டதில்தான் சிக்கல்.

ஆகவே, விதிகளை எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். மென்பொருளைத் திறக்கும் முன் ஒப்பந்தங்களைத் திறக்க வேண்டும். நிறுவனம் செய்யும் ஒப்பந்தங்களை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையிலும் சிலவற்றையேனும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, வாக்குறுதிகளைப் பட்டியலிட்டு, இரண்டு சோதனைகளையும் செய்து, முடிவையும் காரணத்தையும் எளிய மொழியில் எழுதிவைக்க வேண்டும். அதன் பிறகே அது விதியாக வேண்டும். எந்த விதிக்கும் பொருந்தாத ஆணை வந்தால் அதைப் பொதுவிதி ஒன்றில் தள்ளிவிடாமல், மனிதர் பார்வைக்கு நிறுத்திவைக்கும் வழியும் இருக்க வேண்டும். முடிந்துபோன ஓராண்டின் ஒப்பந்தங்களை விதிகள் வழியே ஓட்டி, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

விதியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற பதிவும் இன்றியமையாதது. நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும், நிறுத்திவைக்க இயலாத 'தணிக்கைத் தடம்' இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்ட விதி. பதிவுகளில் செய்யும் திருத்தத்துக்கே இவ்வளவு காவல் என்றால், ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பிறப்பிக்கும் விதியில் செய்யும் திருத்தத்துக்கு அதைவிடக் குறைந்த காவல் போதாது. ஆண்டு இறுதியில் இலக்கு எட்டாதபோது விற்பனைப் பிரிவின் வேண்டுகோளுக்காக ஒரு விதி மாறுமானால், அதற்குத் தணிக்கையாளர் விளக்கம் கேட்டே தீர வேண்டும்.

இது பெருநகரத்துப் பெரிய நிறுவனங்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. நகராட்சி ஒப்பந்தக்காரர், டிராக்டர் முகவர், ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும் பயிற்சி நிலையம் என நம் ஊர்களில் தொழில் செய்யும் பலரும் இன்று கணினியில்தான் கணக்கு வைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைத் தரநிலை 115 கட்டுப்படுத்தாது. ஆனால், மூன்றாண்டுப் பராமரிப்புக்குப் பெற்ற பணத்தை முதலாண்டு லாபமாக எண்ணி, அதை நம்பிக் கடையை விரிவாக்கி, இரண்டாம் ஆண்டில் சேவை செய்யக் கையில் பணமின்றி நிற்கும் நிலை யாருக்கும் வரலாம். முன்பணம் வாங்கியவர் நொடித்தால் இழப்பு வாடிக்கையாளருக்கும் சேர்ந்துதான்.

வாய்ப்பும் இதிலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் சிறிய டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கி வருகின்றன. கணக்குப் பதிவதை மென்பொருளே செய்யும் காலத்தில், பதிவு செய்யத் தெரிந்தவர்களுக்கான தேவை குறையும். ஒப்பந்தத்தைப் படித்து 'இங்கே இரண்டு வாக்குறுதிகள் உள்ளன' என்று காரணத்தோடு சொல்லவும், அதை இயந்திரத்துக்குப் புரியும் விதியாக எழுதவும் தெரிந்தவர்களுக்கான தேவை கூடும். வணிகவியல் வகுப்பில் உண்மையான ஒப்பந்தங்கள் சிலவற்றைப் படிக்கக் கொடுத்து, அவற்றிலுள்ள கடப்பாடுகளை மாணவர்களையே பிரித்து வாதிடச் செய்தால் போதும். அதற்கு விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை.

விக்கிரவாண்டியில் ஃபாஸ்டேக்கை ஒரு நொடியில் படிக்கும் கருவி, எந்த வண்டி கடந்தது என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். அந்த வண்டிக்காரருக்கு இன்னும் எத்தனை பயணங்கள் பாக்கி என்பதை, யாராவது முன்பே சரியாகச் சொல்லிவைத்திருந்தால் மட்டுமே அதனால் கணக்கிட முடியும். சொல்லிவைக்கும் அந்தப் பொறுப்பு மனிதருடையது. வருவாய் எவ்வளவு என்று இயந்திரத்திடம் கேட்பதற்கு முன், நாம் தந்த வாக்குகள் எத்தனை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.